காலனி என்ற சொல் போகும், கோடு போகுமா?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தச் சாலையில் பார்த்ததெல்லாம் வயல், தென்னை, மாந்தோப்பு, கண்மாய்க் கரை. இன்றைக்கு அதே வழியில் போகிறவர் கண்ணில் படுவது கல் நட்ட மனைகள். ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் ஒரு வளைவு, வளைவுக்கு மேல் ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் 'நகர்'. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்குவழிச் சாலை வேலை தொடங்கியதும் சென்ட் விலை இன்னும் ஏறிவிட்டது.

இந்தப் புறநகர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "இங்கெல்லாம் யாரும் சாதி பாக்குறதில்ல. வாத்தியார், பேங்க்காரர், மில் சூப்பர்வைசர், எல்லாரும் கலந்துதான் இருக்காக." நானும் சில காலம் அதை நம்பினேன். இன்றைக்கு நம்பவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

இரண்டு காலனிகள்

நம் பக்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெரியவர் பேச்சை எப்படித் தொடங்குவார் என்று உங்களுக்குத் தெரியும்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொல்வோம்.

"ஊர்ல எந்தப் பக்கம்?"

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் முதல் கேள்வியே. வடக்குத் தெரு என்றால் ஒன்று, மேலத்தெரு என்றால் ஒன்று. "காலனி" என்றால் பெரியவர் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவார். அதற்குமேல் பேச்சு இருக்காது.

இதே நகரங்களில் பேங்க் காலனி இருக்கிறது, ஆசிரியர் காலனி இருக்கிறது, ரயில்வே காலனி இருக்கிறது. அங்கே குடியிருக்கிறவர் "நான் பேங்க் காலனியில இருக்கேன்" என்று நிமிர்ந்து சொல்வார். முன்னால் ஒரு தொழில் பெயர் ஒட்டிக்கொண்டால் காலனி மரியாதைக்குரிய இடம். ஒன்றும் ஒட்டாமல் வெறுமனே 'காலனி' என்றால் அது சாதிப்பெயர். ஒரே ஆங்கிலச் சொல் தமிழ்நாட்டுக்கு வந்து இரண்டு பொருள் எடுத்துக்கொண்டது. ஒன்று விரும்பி வாங்கிக் குடியேறியவர்களின் இடம். மற்றொன்று ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களின் இடம்.

29.04.2025 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், காலனி என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் குடியிருப்புகள், தெருக்கள், சாலைகள், நீர்நிலைகள் ஆகியவற்றில் இருக்கும் சாதிப்பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையும் வந்தது. வரவேற்கிறேன். 'எந்தப் பக்கம்' என்ற கேள்விக்குக் கூனிக் குறுகிப் பதில் சொன்ன பிள்ளைகளில் நானும் ஒருவன். அந்தச் சொல் குடும்ப அட்டையிலிருந்தும் பள்ளிச் சான்றிதழிலிருந்தும் போவது சின்ன விஷயமில்லை.

ஆனால் காலனி என்ற சொல் வருவதற்கு முன்னாலேயே அந்தக் கோடு இருந்தது. சொல் போன பிறகும் அது இருக்குமா என்பதுதான் கேள்வி.

ஊர் எப்படிப் பிரிந்தது

ராஜபாளையத்தின் பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் ஆந்திரப் பக்கமிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் பாளையம். பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாக்கோட்டை, சக்கராஜாக்கோட்டை என்று இன்றைக்கும் நகரத்தின் மையம் அந்தக் குடியேற்றத்தின் பெயர்களைத்தான் சுமக்கிறது. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தெருக்களின் சாதிப்பெயரை நீக்கலாம். ஊரின் பெயரே ஒரு சமூகத்தின் பெயரிலிருந்து வந்தால் என்ன செய்வது? ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு சமூகத்தின் பெயர் ஊர் முழுவதற்கும் பெருமையாகிறது, இன்னொரு சமூகத்தின் இருப்பிடப் பெயர் வசையாகிறது. இந்த வித்தியாசம் எழுத்துகளில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் கதை வேறு. அது கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். நடுவில் ஆண்டாள் கோயில், கோபுரம், ரத வீதிகள், அவற்றை அடுத்து ஒவ்வொரு தொழிலுக்கும் சாதிக்கும் ஒரு தெரு. கோயிலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் ஒருவர் சமூகத்தில் எங்கே நிற்கிறார் என்பதற்கான அளவுகோல். ராஜபாளையத்தில் கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒற்றுமை, நம் மக்கள் இரண்டுக்கும் வெளியே இருந்தார்கள்.

அதே ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் ராஜுக்கள் மட்டுமில்லை. நகரத்தைக் கூட்டிப் பெருக்குகிற அருந்ததியர் வீடுகளிலும் தெலுங்குதான். மொழிதான் மக்களைச் சேர்க்கும் என்கிறவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும். மொழி ஒன்று, தெரு வேறு.

வெளியே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கண்மாய்ப் பாசன வயல்களில் நாற்று நட்டதும் களை எடுத்ததும் கதிர் அறுத்ததும் அவர்கள்தான். அவர்கள் வீடுகள் இருந்த இடத்துக்கு நத்தம் கணக்கில்கூடத் தனிப் பெயர். ஊர் இருக்கும் இடம் ஊர் நத்தம், நம் ஆட்கள் இருக்கும் இடம் சேரி நத்தம். வருவாய்த் துறைக் கணக்கே சாதி பார்த்து எழுதப்பட்டது.

சட்டம் வந்தது, காலனி வந்தது

பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் பொதுக் கட்டடங்களுக்குள் போகவும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு உரிமை உண்டு என்ற தீர்மானம் 1924-ல் இரட்டைமலை சீனிவாசனின் முயற்சியால் சென்னை சட்டமன்றத்தில் நிறைவேறியது. தெருவில் நடப்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. இந்த ஆண்டுகளை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மில்கள் வந்தன. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பஞ்சாலைகள் பெருகின. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் விசைத்தறியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி ஓட ஆரம்பித்தது. மழையை மட்டும் நம்பியிருந்த மண்ணில் கூலி வாரச் சம்பளமாக வந்தது. ஒரே ஷிஃப்டில் ஒரே கூரையின் கீழ் பல சாதிக்காரர்கள் வேலை பார்த்தார்கள். சங்கு ஊதியதும் அவரவர் தெருவுக்குப் போனார்கள். தொழிற்சாலை வந்தால் சாதி கரையும் என்ற கணக்கு எட்டு மணி நேரத்துக்கு மட்டும்தான் சரியாக இருந்தது.

இந்த ஊர்க்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். தனிமனிதர்களின் பெருந்தன்மையை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு வீட்டைக் கொடுக்கிற மனசு பலருக்கு இருந்தது. தெருவின் எல்லையை அழிக்கிற வேலையைத்தான் யாரும் கையில் எடுக்கவில்லை.

அரசு எடுத்ததா? 1974-ல் தாட்கோ வந்தது. 1978-ல் நமக்கு வீட்டுமனை கொடுக்க நிலம் எடுப்பதற்காகவே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது, சட்ட எண் 31. அதன்பிறகு எத்தனையோ பெயர்களில் தொகுப்பு வீடுகள். கூரை வீட்டில் பிறந்தவர்களுக்குக் கான்கிரீட் தளம் கிடைத்தது, மழை ஒழுகாத ஒரு அறை கிடைத்தது. இதை மறந்து பேசினால் நன்றி கெட்டவர்கள் ஆவோம்.

ஆனால் அந்த மனைகள் எங்கே கொடுக்கப்பட்டன? சட்டத்தில் ஊருக்கு வெளியே கொடு என்று ஒரு வரியும் கிடையாது. ஆனாலும் 'எதிர்ப்பு வராத இடம்' என்று அதிகாரிகள் தேடினார்கள். எதிர்ப்பு வராத இடம் எது? பழைய சேரிக்குப் பக்கம், கண்மாய் உள்வாய் ஓரம், சுடுகாட்டுப் பாதை, மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற பள்ளம். பாட்டன் காலத்துக் கோட்டின் மேலேயே அரசாங்கம் கான்கிரீட் போட்டுக் கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் காலனி. நம்மை ஊருக்கு வெளியே வைத்தது சாதி, அதைப் பத்திரமாக்கிக் கையெழுத்துப் போட்டது அரசு.

1997-ஐ மறக்க முடியுமா?

இந்தப் பகுதியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மாம்பழம், நாய், பால்கோவா என்று எழுதிவிட்டு 1990-களைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். நாம் குதிக்க முடியாது.

31.08.1995-ல் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து நம் மக்களின் வீடுகளைச் சூறையாடியது. கிணற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் தென்மாவட்டங்கள் எரிந்தன. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை 1997-ல் அரசு அறிவித்தது. கட்டபொம்மனின் படையில் நின்று வெள்ளையரை எதிர்த்த வீரர் அவர். பிறப்பு நம்மிடையே என்பதால் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வட்டாரங்களில் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. கடைசியில் அரசு எடுத்த முடிவு என்ன? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே நீக்கிவிட்டார்கள். நம் மாவட்டம் அதுவரை காமராஜர் மாவட்டம், அதற்குப் பிறகு விருதுநகர் மாவட்டம்.

இதை இப்போது நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. மற்றவர்களின் பெயர்கள் இருந்தவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. ஒரு தலித் வீரரின் பெயர் பலகை ஏறப்போகிறது என்றதும், 'பெயரே வேண்டாம், அதுதான் சமத்துவம்' என்ற ஞானம் எல்லோருக்கும் வந்துவிட்டது. பெயர் நீக்கத்தில் இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது. பெயரை நீக்கினால் பிரச்சினை நீங்கியது என்று யாராவது சொல்லும்போது எனக்கு 1997 ஞாபகம் வருவது அதனால்தான்.

அந்த ரத்தத்தின் மேல்தான் ஒரு நல்ல யோசனையும் முளைத்தது. பெரியார் நினைவு சமத்துவபுரம். முதல் சமத்துவபுரம் நமக்குப் பக்கத்தில், திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் 17.08.1998-ல் திறக்கப்பட்டது. 100 வீடுகள். 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 இதர சாதியினருக்கு. அடுத்தடுத்த வீட்டில் வேறுவேறு சாதி, பொதுவான சமுதாயக்கூடம், பொதுவான இடுகாடு. தமிழ்நாடு முழுவதும் இப்படி இருநூறுக்கும் மேல் கட்டப்பட்டன.

சமத்துவபுரத்தைக் கேலி செய்வது சுலபம். பூட்டிக்கிடக்கும் வீடுகள், உள்வாடகைக்கு விட்டவர்கள், ஊரிலிருந்து தூரம், வேலை இல்லை. குறைகள் உண்மைதான். ஆனால் 'யார் பக்கத்தில் யார் குடியிருப்பது' என்பது அரசின் கவலை என்று இந்திய அரசுகளில் ஒன்று ஒத்துக்கொண்டு அதற்குச் செங்கல்லும் சிமெண்டும் செலவழித்தது அங்கேதான். என் வருத்தம் ஒன்றே ஒன்று. அந்தக் கணக்கை ஏழைகளுக்கு மட்டும் போட்டார்கள். குடிசையில் இருப்பவன் கலந்து வாழ வேண்டும், காரில் போகிறவன் தன் சாதியோடு மட்டும் வாழலாம் என்பது என்ன நியாயம்? வீட்டுவசதி வாரிய மனைகளிலும் தனியார் மனைப்பிரிவுகளிலும் அந்த எண்ணம் ஏன் எட்டிப் பார்க்கவில்லை?

வாடகைக்கு வீடு

இனி நகருக்கு வருகிறேன். எனக்கு வேலை கிடைத்துக் கல்யாணமும் ஆன புதிதில், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கட்டும் என்று இந்த இரண்டு ஊர்களில் ஒன்றின் புறநகரில் வீடு பார்த்தேன். எந்த ஊர், எந்த நகர் என்று சொல்லப்போவதில்லை. அது அந்த ஒரு வீட்டுக்காரரின் குற்றம் மட்டுமில்லை.

வீடு பிடித்தது. வாடகை பேசினோம். அட்வான்ஸில் பாதியையும் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் தங்கமானவர், காப்பி கொடுத்தார். அந்தம்மாதான் கேட்டார்கள்.

"தம்பிக்குக் குலசாமி எது?"

நம் ஊரில் யாரும் "என்ன சாதி" என்று நேராகக் கேட்பதில்லை. அது நாகரிகம் இல்லை. குலசாமி எது, பொண்ணு எடுத்தது எந்த ஊர்ல, அப்பா என்ன செஞ்சாக, சைவமா அசைவமா. நாலு கேள்வியில் ஜாதகமே வெளியே வந்துவிடும். நான் மறைக்கவில்லை. மறுநாள் காலையில் போன் வந்தது. "தப்பா நெனைக்காதீக தம்பி, தங்கச்சி மகன் மாத்தலாகி வாரான், அவனுக்கு வேணும்னு சொல்றாக." பணத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வீட்டில் மூன்று மாதம் 'வாடகைக்கு' போர்டு தொங்கியது. தங்கச்சி மகன் வரவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு அண்ணல் அம்பேத்கர் ஞாபகம் வந்தார். 1917-ல் வெளிநாட்டில் படித்துத் திரும்பி, பரோடா அரசின் உயர் அதிகாரியாகப் பொறுப்பேற்கப் போன மனிதருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்து அழுதார். நூறு வருடத்தில் தடி போய் போன் வந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. ட்ரினா விதயத்தில், காயத்ரி சிங் இருவரும் 2001 மக்கள்தொகைக் கணக்கின் வார்டு விவரங்களை வைத்து, சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களை ஆராய்ந்து 2012-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் எழுதினார்கள். பணக்காரர், ஏழை என்ற பிரிவைவிடச் சாதிப் பிரிவுதான் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கண்டது. டெல்லியைச் சுற்றிய நகரங்களில் வாடகைக்கு வீடு கேட்டுப் பார்த்து சுகதேவ் தோரட் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வும், தலித் என்றும் முஸ்லிம் என்றும் தெரிந்ததும் வீடு மறுக்கப்படுவதைப் பதிவு செய்தது. 'நகரத்துக்குப் போனால் சாதி போகும்' என்பது அண்ணல் நமக்குக் கொடுத்த நம்பிக்கை. கிராமத்தை அறியாமையின், வகுப்புவாதத்தின் கிடங்கு என்று அரசியல் நிர்ணய சபையில் 1948-ல் சொன்னவர் அவர். அந்தக் கிராமம் இப்போது லாரியில் ஏறி நகருக்குக் குடிவந்துவிட்டது.

எப்படி வந்தது? மனைகளை யார் யாரிடம் விற்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் ஒரு மனை வாங்கினால் சொந்தக்காரரை அழைத்துவருகிறார். தரகர் "பூரா நம்ம ஆளுகதான்" என்று சொல்லியே விற்கிறார். பத்து வீடு வந்ததும் ஒரு கோயில், இருபது வீடு வந்ததும் ஒரு நலச்சங்கம், பிறகு வளைவு, பிறகு வாட்ஸ்அப் குழு. அப்போதே அந்த நகர் ஒரு தெருவாகிவிடுகிறது. ஊர்த் தெருவுக்கும் அதற்கும் வித்தியாசம் பூங்காவுக்கு விட்ட காலி இடம் மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? கடை, உணவகம், கிணறு, சாலை ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. தீண்டாமையை 17-ஆவது பிரிவு ஒழித்தது. வீடு வாடகைக்கு மறுப்பது தீண்டாமைதான். ஆனால் "தங்கச்சி மகன் வாரான்" என்ற ஒரு வரியை எந்தக் காவல் நிலையத்தில் நிரூபிப்பது? அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்று பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் விதியை வைத்துக்கொள்ளலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமையாம். சங்கம் அமைக்கிற உரிமை இருப்பவனுக்கு வீடு இருக்கிறது. வீடு தேடுகிறவனுக்கு என்ன உரிமை?

நம் பக்கத்திலும் ஒரு கோடு

இதை எழுதும்போது ஒரு விஷயத்தை மறைத்தால் நான் நேர்மையானவன் இல்லை. நம் காலனிகளுக்குள்ளேயும் கோடு இருக்கிறது. பள்ளர் தெரு வேறு, பறையர் தெரு வேறு, அருந்ததியர் குடியிருப்பு இரண்டுக்கும் அப்பால். தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயருக்காகப் பல ஆண்டுகள் போராடி 2021-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அதைப் பெற்றோம். பெயரின் மரியாதைக்காகப் போராடியவர்கள், துப்புரவுத் தொழிலாளியின் மகன் நம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால் என்ன சொல்கிறோம்? அவருக்கும் ஒரு 'தங்கச்சி மகன்' கதையைத்தானே சொல்கிறோம்? மேலே இருப்பவன் நமக்குச் செய்வதை நாம் கீழே செய்தால், அண்ணல் சொன்ன படிக்கட்டை நாமே சுமந்து நிற்கிறோம் என்று அர்த்தம். ராஜபாளையம் நகரசுத்தித் தொழிலாளர்களின் குடியிருப்பைப் பற்றிப் பேசாத தலித் அரசியல் எனக்கு வேண்டாம்.

அரசியல் பிரதிநிதிகளையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2006 தேர்தலில் ராஜபாளையம் தனித் தொகுதி. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு 2011 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி. இரண்டும் அடங்கிய தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதி. ஆக இந்த இரண்டு ஊர்களில் ஒன்றுக்காவது எப்போதும் நம் சமூகத்து எம்.எல்.ஏ. இருந்திருக்கிறார், இரண்டுக்கும் சேர்த்து நம் சமூகத்து எம்.பி. இருந்திருக்கிறார். தனித் தொகுதி கிடைத்தது, தனித் தெரு போகவில்லை. ஏன் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என்ன கேட்கிறோம்?

பெயரை மாற்றட்டும். பூக்களின் பெயரோ புலவர்களின் பெயரோ தலைவர்களின் பெயரோ வைக்கட்டும். ஆனால் காலனியின் பெயரை 'ரோஜா தெரு' என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று போகக்கூடாது. பஸ்ஸில் வருகிற பெரியவர் ஒரே வாரத்தில் ரோஜா தெரு எது என்று தெரிந்துகொள்வார். அதற்கு அடுத்த வாரம் ரோஜாவும் வசையாகிவிடும். ஹரிஜன் என்ற சொல்லுக்கு நடந்தது அதுதானே?

முதலில் பட்டா. தாத்தா பெயரில் கொடுத்த மூன்று சென்ட் ஒப்படைப்பு நிலத்தில் இன்று மூன்று பேரன்கள் குடும்பம் நடத்துகிறார்கள். ஒருவர் பெயரிலும் பட்டா கிடையாது. பட்டா இல்லாமல் வங்கிக் கடன் கிடையாது, கடன் இல்லாமல் நகரில் மனை வாங்க வழி கிடையாது. உரிமை கோராத இடத்திலேயே அடுத்த தலைமுறையும் அடைந்துகிடக்கும். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதி கொண்டுவந்தது. மனை போட்டு விற்றவர்களுக்கு அந்த வேகம். நம் தாத்தா பெயரிலுள்ள பட்டாவைப் பேரன் பெயருக்கு மாற்ற எத்தனை வருடம்?

இரண்டாவது, பாதை. வயலாக இருந்தவரை வரப்பு வழியாக நம் சனம் பிணம் தூக்கிப்போனது. வயல் மனையானதும் வரப்பு மறைந்தது, சுற்றுச்சுவர் வந்தது. அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்படுகின்றன. பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத இடம் பொதுவுக்கு விட வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த பிறகு அந்தச் சாலை நலச்சங்கத்தின் சொத்து இல்லை, ஊர்ச் சொத்து. அதில் கேட் போடவோ, பக்கத்துக் குடியிருப்பை மறைத்துச் சுவர் கட்டவோ யாருக்கும் உரிமை இல்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போதே பக்கத்தில் இருக்கும் நம் குடியிருப்போடு சாலை இணைய வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். உத்தப்புரத்தில் 1989-ல் எழுந்த சுவரில் ஒரு பகுதியை உடைக்க 2008 மே 6 வரை ஆனது. மேட்டுப்பாளையம் நடூரில் 2.12.2019 அதிகாலை சுவர் விழுந்து நம் மக்கள் 17 பேர் செத்தார்கள். இனி ஒரு சுவர் எழுந்த பிறகு போராடுவதைவிட எழும்புவதற்கு முன் தடுப்பது நல்லது.

மூன்றாவது, இனி போடப்படும் வீட்டுமனைகள். ஆதிதிராவிடர் நலத்துறை ஒரு மூலையிலும் வீட்டுவசதி வாரியம் இன்னொரு மூலையிலும் தனித்தனியாக வீடு கட்டுவதை நிறுத்துங்கள். சமத்துவபுரத்தின் 40-25-25-10 கணக்கைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள்.

நான்காவது, வாடகை வீட்டில் சாதி பார்ப்பதைக் குற்றமாக்கும் தெளிவான சட்டம். 'நிரூபிக்க முடியாது' என்பது சட்டம் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது. 1924-ல் தெருவில் நடக்கும் உரிமைத் தீர்மானத்தையும் 'நடைமுறைக்கு ஒத்துவராது' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எனக்குக் கடைசியில் வீடு கிடைத்தது. நகரில்தான், தன் பிள்ளைகளோடு படித்தவன் என்பதற்காக ஒரு அண்ணாச்சி கொடுத்தார். அவர் என் சாதிக்காரர் இல்லை. அவரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும். ஆனால் என் பிள்ளைகள் குடியிருக்க ஒரு நல்ல அண்ணாச்சி கிடைக்க வேண்டும் என்பது கருணை. யாரும் நல்லவராக இல்லாவிட்டாலும் வீடு கிடைக்க வேண்டும் என்பது உரிமை. நாம் கேட்பது இரண்டாவது.

தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்தக் கோபுரத்தைத் தினமும் பார்த்து வளர்ந்த எங்கள் சனம், அதே கோபுரம் அச்சடித்த ஒரு பட்டாவுக்காகத் தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கிறது. பெயர்ப்பலகை எழுத வருகிற தம்பிகள் அந்தக் காகிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.